பூ வண்டியில் போன மாப்பிள்ளை

சன்னலோரத்தில் இடம் கிடைத்ததும் மூளையைக் கழற்றிப் பெட்டியோடு மேலே வைத்துவிடும் மனிதர்கள் சிலர் உண்டு. வெளியே ஒரு தென்னந்தோப்பு தெரிந்தால் போதும், எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்பதெல்லாம் மறந்துபோகும். இவர்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தால் தலைவர் பதவிக்கு என்னை எதிர்த்து யாரும் நிற்க முடியாது. என் நிச்சயதார்த்தத்துக்கே போய்ச் சேராதவன் நான்.

நிச்சயம் சென்னையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்துக்கு. அதற்கு முன்னால் திண்டுக்கல்லில் இருக்கும் என் ஒரே அத்தையை நானே நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. முகூர்த்த நாளில் பூ வியாபாரத்தை விட்டுவிட்டு அத்தையும் மாமாவும் வர முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அழைக்காமல் தட்டு மாற்றினால் அத்தை ஆயுசுக்கும் எங்கள் வாசலை மிதிக்க மாட்டாள். ஒரு மாதமாக 'போகலாம், போகலாம்' என்று (மொட்டை மாடியில் மல்லாந்து மேகம் பார்த்தபடி) தள்ளிப்போட்டு, கடைசியில் சனிக்கிழமைதான் போனேன்.

பெண்ணின் பெயர் நித்யா. அவளுடைய அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கக் கடிகாரத்தோடு குடித்தனம் நடத்திய மனிதர். பெண் பார்க்கப் போன அன்றே நான் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி, வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்ததில் அவருக்கு என்மேல் ஒரு சந்தேகம் விழுந்திருந்தது. நித்யாதான் எனக்காக வாதாடிச் சம்மதம் வாங்கினாள். ஊருக்குக் கிளம்பும்போது ஃபோனில் ஒன்றுதான் சொன்னாள்.

"உங்களுக்காக அப்பாகிட்ட நிறையப் பேசிட்டேன். இதுக்கு மட்டும் நேரத்துக்கு வந்திருங்க. இல்லன்னா அவர்கிட்ட பேச எனக்கு வாய் இருக்காது."

மாமனாரும் காலை ரயிலில் ஏறினால் மத்தியானம் சென்னையில் இறங்கிவிடலாம், பஸ்ஸை நம்ப வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அத்தை வீட்டில் அதை ஒருவரும் ஏற்கவில்லை. அன்று சாயங்காலம் காபி டம்ளர்களோடு கூடிய சபையில், திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு எத்தனை வழி உண்டோ அத்தனைக்கும் ஒரு கட்சி இருந்தது. அரசு பஸ்தான் பாதுகாப்பு என்றது ஒரு கட்சி. அது திருச்சியிலும் விழுப்புரத்திலும் நின்று டீ குடித்துவிட்டுத்தான் போகும் என்றது இன்னொரு கட்சி. எதிர்வீட்டுக்காரர் தன் மைத்துனரின் கார் சென்னைக்குப் போவதாகவும் அதில் முன் சீட்டே காலி என்றும் சொன்னார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்த பிறகு, அது செவ்வாய்க்கிழமை போகிறது என்றார். நான் ரயில் என்று அறிவித்துவிட்டு, சன்னல் வழியே சிறுமலையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மாமா சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பூ மார்க்கெட்டில் அவருக்குக் கமிஷன் கடை. மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "எங்க மாமா கிளம்பிட்டீங்க?" என்று கேட்டுவைத்தேன்.

அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள். "ஏலே, வெளியில கெளம்புற மனுசனைப் பாத்து எங்கன்னு கேக்கலாமா? படிச்சவன்தானே நீ?" மாமா திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, செத்த நேரம் விட்டத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கிளம்பினார். அந்த ஒரு கேள்வியால் அவருடைய அன்றைய வியாபாரமே என் தலையில் விழுந்துவிட்டதுபோல் ஆயிற்று. இனி சாகும்வரை யாரையும் எங்கே என்று கேட்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன். மாமாவே என்னை ஸ்கூட்டரில் ஸ்டேஷனில் இறக்கிவிட்டுப் போனார்.

நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தேன். சிறுமலையின் மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அது முதலில் ஒரு முகட்டை மறைத்தது, பிறகு அடுத்ததை, பிறகு மலையே இல்லாமல் ஆனது. ஒலிபெருக்கியில் ஓர் அம்மாள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரலும் நன்றாகத்தான் இருந்தது. எதிர் நடைமேடையில் ஒரு ரயில் வந்து நின்று, பிறகு மெல்ல நகர்ந்தது. எவ்வளவு நீளம், எவ்வளவு அழகு என்று ரசித்தேன். ஒரு சன்னலிலிருந்து சின்னப் பெண் கையசைத்தாள், நானும் அசைத்தேன். கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்த பிறகுதான், பக்கத்தில் இருந்தவர் அதுதான் சென்னை வண்டி என்றார்.

மாமாவுக்கு ஃபோன் செய்தேன். அவர் திட்டவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டார். ஒரு கல்யாணத்துக்காகத் தன் பூ வண்டி சென்னைக்குக் கிளம்பப் போகிறது, உடனே மார்க்கெட்டுக்கு வந்தால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்விடலாம், சாயங்காலத்துக்குள் சேர்ந்துவிடலாம் என்றார். வாசலில் வெள்ளை வேன் நிற்கும் என்றார்.

வெள்ளை வேன் நின்றது. ஒன்றல்ல, ஒரு வரிசையே நின்றது. அதில் ஒன்றில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, டிரைவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் பட்டு வேட்டி, நெற்றியில் அத்தை வைத்த சந்தனம் சகிதம் ஓடி வந்ததைப் பார்த்ததும் டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். வண்டி எங்கே போகிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். அத்தையின் கரண்டி கண்முன் வந்தது. கிளம்பும் வண்டியை எங்கே என்று கேட்டு, பூக்காரர் பிழைப்பையும் ஒருமுறை கெடுக்க வேண்டுமா? கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

பின்னால் மல்லிகை, முல்லை, மரிக்கொழுந்து. ஈரச் சாக்கின் குளிர்ச்சியோடு வாசனை முன்னால் வந்து என்னைப் போர்த்தியது. ஊர் தாண்டியதும் வெயில் இதமாகி, கண் செருகிவிட்டது. சோளக்காடும் கிணறும் கனவுக்குள்ளேயே ஓடின. கனவில் மாமனார் பச்சைக் கொடி அசைத்தார். நித்யா தலை நிறைய மல்லிகையோடு நடைமேடையில் நின்றாள். இவ்வளவு சுகமாக நான் எந்தப் பயணமும் போனதில்லை.

"ஏனுங்க, டீ சாப்பிடறீங்களா?"

கண் விழித்தேன். டீக்கடைக்காரர் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு மரியாதையைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சென்னை செல்லும் வழியில் யாரும் 'ஏனுங்க' என்று கூப்பிட மாட்டார்கள். சுற்றிலும் தக்காளிக் கூடைகளும் முருங்கைக்காய்க் கட்டுகளும் குவிந்திருந்தன. ஒட்டன்சத்திரம். சென்னைக்கு நேர் எதிர்த்திசை. பெயர்ப்பலகை பெரிய எழுத்தில்தான் இருந்தது. நான் அதை இரண்டு தடவை படித்தேன்.

வண்டி பழனிக்குப் போகிறது என்றார் டிரைவர். அங்கே ஒரு கல்யாண வரவேற்புக்கு அலங்காரப் பூ. பெண் வீட்டிலிருந்து ஒருவர் வந்து கூடவே வருவார் என்று சொல்லியிருந்தார்களாம், வேட்டியைப் பார்த்து அந்த ஆள் நான்தான் என்று டிரைவர் நினைத்துவிட்டாராம்.

"ஏறும்போது எங்க போறீங்கன்னு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நல்ல காரியத்துக்குக் கெளம்புற ஆளை எங்கன்னு எப்படி சார் கேக்குறது?"

ஃபோனை எடுத்தால், தூங்கிய நேரம் முழுக்க மாமா கூப்பிட்டிருந்தார். அவருடைய வண்டி எனக்காக நின்று பார்த்துவிட்டுப் போயிருந்தது. இனி எந்த பஸ்ஸில் ஏறினாலும் சென்னை சேர ராத்திரி ஆகிவிடும். முகூர்த்த நாள் என்பதால் மதுரை விமானம் எதிலும் இடமில்லை. நித்யாவைக் கூப்பிட்டேன். இந்தப் பெண் போய்விடுவாள், எனக்காக வாதாடியதற்காக அப்பா முன்னால் தலைகுனிந்து நிற்பாள் என்றுதான் நினைப்பு ஓடியது. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். பிறகு அவள் ஃபோனை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள்.

"ரயில் வந்துச்சா?" என்றார் அவர்.

"வந்துச்சு மாமா."

"பாத்தீங்களா?"

"பாத்தேன் மாமா. கையும் அசைச்சேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். "குறிச்ச நேரத்துக்கு நிச்சயம் கிளம்பிரும். யாருக்காகவும் நிக்காது," என்றார். குரலில் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. "நீங்க வீடியோவுல ஏறிக்குங்க."

பழனி மண்டபத்தில் என் கதை பூவுக்கு முன்னால் இறங்கிவிட்டது. கல்யாணப் பெண்ணின் அம்மா என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போய் இலை போட்டார். சாயங்காலம் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடம் மணமேடைதான் என்று கண்டுபிடித்து, மணமக்களுக்குப் பக்கத்திலேயே என்னை நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வெறுங்கழுத்தோடு நிற்கக் கூடாதுங்க என்று யாரோ ஒரு மாலையும் போட்டார்கள். புகைப்படக்காரர் விளக்கை என் பக்கம் திருப்பினார். சென்னையில் நாற்காலியில் ஒரு ஃபோனைச் சாய்த்து, அதன் நெற்றியில் (நெற்றி என்று எதை முடிவு செய்தார்களோ) சந்தனம் வைத்து, தட்டு மாற்றினார்கள். சரியாக அந்த நேரத்தில் நான் ஒரு கொட்டாவி விட, படம் அப்படியே உறைந்துபோயிற்று.

உறைவதற்கு முன் நித்யா திரையருகே வந்து மெதுவாகப் பேசினாள். அன்று அவள் என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம் அது.

"அந்த மேடையில நிக்கிறது சரி. தூக்கக் கலக்கத்துல அங்க யாருக்கும் தாலி கட்டிராதீங்க."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கண்ணும் கலங்கிவிட்டது, அதை இப்போது சொல்ல வெட்கமில்லை.

கல்யாணமாகி எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் நிச்சயதார்த்த ஆல்பத்தில் எந்தப் பக்கத்திலும் நான் கிடையாது, வாயைப் பிளந்த ஒரு ஃபோன்தான் இருக்கிறது. பழனிக்காரர்கள் மட்டும் மறக்காமல் தங்கள் ஆல்பத்திலிருந்து ஒரு படத்தைப் பெரிதாக்கி எங்களுக்கு அனுப்பினார்கள். அதில் பட்டு வேட்டியும் மாலையுமாக, முகமெல்லாம் சிரிப்பாக, யாரோ ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் நான் மட்டும் நிற்கிறேன். நித்யா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, யார் அந்தப் பெண் என்று அவளிடம் கேட்கிறார்கள். அவள் காபியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொல்வாள்:

"அது எங்க நிச்சயதார்த்தத்தன்னைக்கு எடுத்த படம்."