லாரிக்காலும் அறுபது கோர்களும்

1996 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை தேதியிட்ட ஒரு கடிதம் என் கோப்பில் இன்னும் இருக்கிறது. ஊருக்கு வெளியே இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியின் ஸ்டோர்ஸ் அதிகாரி எங்கள் முதலாளிக்கு எழுதியது. அதன் நடுவில் இப்படி வருகிறது: ‘தங்கள் கோர்கள் தரமானவை. ஆனால் எங்கள் கேட்டுக்கு வந்து சேருவதற்குள் மணலாக மாறிவிடுகின்றன. மணல் எங்களிடமே போதிய அளவு உள்ளது.’

இந்தக் கடிதத்துக்குக் காரணமானவரைப் போல, மரியாதை நிறைந்த வாயும் மரியாதை கெட்ட வலது காலும் ஒரே உடம்பில் அமைந்த இன்னொரு மனிதர் கொங்கு நாட்டில் பிறந்ததில்லை. அவரை லாரிக்கால் என்போம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு. அதை இங்கே எழுதினால் எங்கள் கணபதி வட்டாரத்தில் ஒருவருக்கும் அவரை அடையாளம் தெரியாது.

நான் அப்போது கணபதியில் ஒரு சிறிய கோர் பட்டறையில் கணக்கும் கடிதமும் எழுதுபவனாக இருந்தேன். தண்ணீர் பம்பின் உடம்பு உள்ளே வெற்றாக இருக்க வேண்டும் அல்லவா? அந்த வெற்றிடத்துக்காக மணலை எண்ணெயில் பிசைந்து, அச்சில் அடித்து, அடுப்பில் சுட்டு ஒரு உருவம் செய்வார்கள். அதுதான் கோர். அதைச் சுற்றி இரும்பை ஊற்றுவார்கள். காய்ச்சிய இரும்பையே தாங்கும் அது, ஒரு குலுக்கலைத் தாங்காது. வரிக்கி பிஸ்கட் மாதிரி உடையும். சரசக்கா தலைமையில் ஒன்பது பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள்.

தள்ளுவண்டியில் போன காலத்தில் கோர் உடைந்ததே இல்லை. ஆர்டர் பெருகியது. முதலாளி புதிதாக ஒரு பிக்கப் வண்டி வாங்கினார். அதை ஓட்டத்தான் லாரிக்கால் வந்தார். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் ஈரோட்டிலிருந்து மஞ்சள் லோடு லாரி ஓட்டியவர். அந்த லாரியின் ஆக்சிலேட்டரை மிதிக்கத் தொடையிலிருந்து பலம் வர வேண்டுமாம். எங்கள் பிக்கப்போ, செருப்பு நிழல் பட்டாலே பாயும் ரகம்.

பூஜையன்றே அது தெரிந்துவிட்டது. சந்தனம், குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். லாரிக்கால் செருப்பைக் கழற்றி, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு, காலை வைத்தார். ஒரு எலுமிச்சம்பழம் பறந்து போய் எதிர்ச் சாரி டீக்கடை பாய்லரில் டங்கென்று பட்டது. பின்னாலேயே வண்டியும் போய், கடை பெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் நின்று அணைந்தது. லாரிக்கால் பதறாமல் இறங்கினார்.

“ஏனுங்க, ஒரு டீ போடுங்க. வந்ததே வந்துட்டனுங்க” என்றார்.

முதல் லோடிலேயே பதினொரு கோர் உடைந்து போயிற்று. ரோடு சரியில்லை என்றார் முதலாளி. வைக்கோல் பரப்பினோம். பழைய மெத்தையைப் பிரித்து அடியில் போட்டோம். பெண்கள் ஏறிக் கோர்களைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார்கள். கோர் உடைந்ததோடு இரண்டு பேருக்கு இடுப்பும் பிடித்துக்கொண்டது.

“அண்ணா, பிரசவத்துக்குப் பொம்பளையக் கூட்டிட்டுப் போற மாதிரி ஓட்டுங்க” என்று சரசக்கா சொல்லிப் பார்த்தார்.

“நான் மெதுவாத்தானுங்க மிதிக்கறேன். அவிங்கதான் வெடுக்குனு போயிடறாங்க.”

அவிங்க என்றது வண்டியை. வண்டியைக்கூட அவர் ஒருமையில் பேச மாட்டார். நாய் குறுக்கே வந்தால் “சித்தெ ஒதுங்கிக்கோங்க” என்பார். முன்னால் போகிற பஸ்ஸின் முதுகை மோதுகிற மாதிரி போய் நின்றுவிட்டு, பஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்பார். முதலாளியால் அவரைத் திட்டவும் முடியவில்லை. முதலாளி ஒரு வார்த்தை ஆரம்பித்தால், “அதோட உடாதீங்க, இன்னும் நல்லாக் கேளுங்க, என்ற காலுக்கு ஒறைக்கோணும்” என்று இவர் எடுத்துக் கொடுப்பார். அதற்கு மேல் யார் திட்டுவார்கள்?

வைத்தியங்கள் தொடர்ந்தன. மெக்கானிக் ஒருவர் கனமான ஸ்பிரிங் மாட்டினார். முதலில் அசையாமல் இருந்து, பிறகு மொத்தமாகப் பாய்ந்தது வண்டி. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தோம். அன்றைக்குப் பாலத்து ஏற்றத்தில் வண்டி பாதியில் மூச்சு வாங்கி நின்றது. ஒன்பது பெண்களும் இறங்கித் தள்ள, பின்னால் அரை கிலோமீட்டருக்கு ஹாரன் சத்தம். மதியச் சாப்பாட்டு வேளையில் லாரிக்கால் ஸ்டூலில் உட்கார்ந்து, பழுத்த தக்காளி மேல் பாதத்தை வைத்து, தோல் கிழியாமல் அழுத்திப் பழகினார். “சட்னிக்கு ஆள் கெடச்சுப்போச்சு” என்றார் சரசக்கா. கூடை காலியானதுதான் மிச்சம்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. மணல் பற்றிய வரிக்குக் கீழே இன்னொன்று இருந்தது: ஜூன் மாதக் கடைசி லோடில் ஒரு கோர் உடைந்திருந்தாலும் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போகும். ஆர்டர் போனால் ஒன்பது பேரில் ஐந்து பேருக்கு வேலை இருக்காது. முதலாளி யாரிடமும் இதைச் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னது என்னிடம். நான் படித்தது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

லாரிக்கால் நேராக உள்ளே வந்தார். வேறு டிரைவரைத் தேடிக்கொள்ளும்படியும், அதுவரை வண்டியைத் துடைத்து வைப்பதாகவும் சொன்னார். முதலாளி பேசுவதற்குள் வாசலிலிருந்து சரசக்கா குரல் வந்தது.

“வர்றவனுக்கும் காலுதான இருக்கும்? இவராச்சும் உடைச்சா வருத்தப்படறாரு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 16, அவருக்கு ஆறுதல் சொல்லலாம் என்று அவர் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஒரு தையல் கம்பெனியில் கரண்டில் ஓடும் பவர் மிஷின் ஓட்டுபவர். வீட்டிலும் அதே மாதிரி ஒரு மிஷின் வைத்து ஒப்பந்தத் துணி தைப்பார். அன்றும் தைத்துக்கொண்டிருந்தார். லாரிக்கால் பட்டறைக் கதையைச் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் தையலை நிறுத்தவில்லை. மிஷின் மட்டும், பேச்சுக்கு இடம் விட்டு, வேகமாகவும் மெதுவாகவும் ஒற்றைத் தையலாகவும் ஓடியது. மிஷின் பெடல் மேல் இருந்த அந்த அம்மாளின் காலைப் பார்த்தேன். கால் அசைந்ததாகவே தெரியவில்லை.

“அந்த மிஷின் மெதுவாகப் போகிற ரகமா அம்மா?” என்று கேட்டேன்.

“இதா? வந்த புதுசுல தொட்டாத் துணி பறந்து செவுத்துல ஒட்டுமுங்க. ஒரு வாரத்துல மூணு தடவ வெரல்ல ஊசி ஏறுச்சு.” பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, வண்டில உக்காந்தா குதிகால எங்க வெப்பீங்க?”

லாரிக்கால் யோசித்தார். “குதிகாலா? அது காலோடதான் இருக்குது அம்மணி.”

“மேல தூக்கிட்டு மிதிக்கறீங்க. தொடையோட கனமெல்லாம் அதும்மேல எறங்குது. குதிகால கீழ ஊனிக்கோங்க. அத எடுக்கவே கூடாது. பெருவெரலு மட்டும் பேசோணும்.”

இருபத்திரண்டு வருஷத்தில் குதிகால் என்று ஒன்று இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அன்று மாலையே மனைவியின் மிஷினில் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுக்க வேலை முடிந்ததும் தலையணை உறை தைத்தார். முதல் உறையின் தையல் பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. ஐந்தாவது நேராக வந்தது. ஆறாவதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அருமையான தையல். நான்கு பக்கமும் மூடியிருந்தது.

“ஓட்டம் நல்லா வந்துதுங்க. நிறுத்த மனசு வரலை. அடைச்சுத் தெச்சுப்போட்டேன்.”

அடுத்த வாரம் காலையில் காலி வண்டியை மைதானத்தில் ஓட்டிப் பழகினார். பக்கத்து சீட்டில் மனைவி. அந்த அம்மாள் முன்னால் பார்க்கவே இல்லை. குனிந்து கணவரின் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரு நூல் எழும்பினாலும் “ம்” என்பார்.

ஜூன் 28, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. அறுபது கோர். பின்னால் கோர்களோடு சரசக்கா. முன்னால் டெலிவரி நோட்டோடு நான். பட்டறை வாசலில் மற்ற பெண்கள் வரிசையாக நின்றார்கள். வண்டி கிளம்பியதே எனக்குத் தெரியவில்லை. டீக்கடை பின்னால் நகர்வதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். சைக்கிளில் பால் கேன் மாட்டிய ஒருவர் எங்களைத் தாண்டிப் போய், யாருக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தார். பாலத்து ஏற்றத்தில் ஒரு டவுன் பஸ் குறுக்கே சொருகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“போங்க சாமி, போங்க. உங்களுக்கு அவசரம்” என்று லாரிக்கால் பஸ்ஸுக்குச் சொன்னது கேட்டது. வண்டி குலுங்கவில்லை.

பவுண்டரி கேட்டில் ஸ்டோர்ஸ் அதிகாரி தாமே வந்து நின்றார். சரசக்கா மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் இரண்டு முறை எண்ணினார். ‘60. உடைவு இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்திருப்பது புது டிரைவரா என்று என்னிடம் கேட்டார். லாரிக்கால் முந்திக்கொண்டார்.

“பழைய ஆளுதானுங்க. குதிகாலுதான் புதுசு.”

ஆர்டர் எங்களிடமே இருந்தது. ஒன்பது பெண்களும் இருந்தார்கள். 1999 மார்ச்சில் லாரிக்கால் சொந்தமாக ஒரு வண்டி வாங்கிக்கொண்டு போகும்வரை அவர் ஓட்டிய லோடில் கோர் உடைந்ததாக ஒரு கடிதமும் வரவில்லை. இதற்கெல்லாம் என்னிடம் தாள் இருக்கிறது.

ஒன்றுக்கு மட்டும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமை சரசக்கா கையில் கனமாக ஒரு துணிப்பை இருந்தது. சாப்பாடு என்றார். பவுண்டரி இருபது நிமிஷத் தூரம். சரசக்கா சாப்பிடுவது ஒரு மணிக்கு. திரும்பி வரும்போதும் பையில் அதே கனம். அந்த வாரம் சுட்ட கோர்கள் என் பதிவேட்டின்படி அறுபத்து மூன்று. அனுப்பியது அறுபது. மிச்ச மூன்றும் பட்டறையில் இல்லை.

சரசக்கா இப்போதும் எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச் சந்தில்தான் இருக்கிறார். பையில் திரும்பி வந்தது முழுக் கோரா, உடைந்த கோரா என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார். வாரம் இரண்டு முறை அந்த வழியாகப் போகிறேன். நலம் விசாரித்துவிட்டு வந்துவிடுகிறேன். ஆகவே அறுபதும் முழுசாகப் போய்ச் சேர்ந்தன என்பது, கையெழுத்து இருந்தும், இன்றுவரை என்னால் சரிபார்க்கப்படாத தகவல்.