டோட்டல் லாஸ் பார்த்த புது வண்டி

நாமக்கல்லில் வண்டியை எல்லோரும் ஓடும்போது பார்ப்போம், நிற்கும்போது பார்ப்போம், விற்கும்போது கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்போம். மோதிய பிறகு எப்படி இருக்கும் என்று, ஷோரூமில் ரிப்பன் கட்டி நிறுத்தியிருக்கும்போதே பார்க்கத் தெரிந்த மனிதர் பூமியில் ஒருவர்தான். அவர் பெயர் டோட்டல் லாஸ்.

பெற்றோர் வைத்த பெயர் ஏதோ இருந்திருக்கும். இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, தேறுமா தேறாதா என்று எழுதிக் கொடுக்கும் வேலை. தேறாது என்றால் அந்தத் தொழிலில் 'டோட்டல் லாஸ்' என்பார்கள். எங்கள் ஊரில் அதை அவருக்கே வைத்துவிட்டார்கள். கூரியர்காரர் வந்து நிஜப்பெயரைச் சொன்னால் தெருவே விழிக்கும். "அட, டோட்டல் லாஸ் ஊடுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டும்.

ரிட்டயர் ஆன பிறகும் கண் ரிட்டயர் ஆகவில்லை. டவுன் பஸ்ஸில் நடுவரிசை சீட் கிடைத்தால்தான் ஏறுவார். மொபெட்டில் வந்து இறங்கினால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசற்படி ஏறுவார். "படியில வழுக்குனா மட்டும் மண்டை வேற மண்டைங்களா?" என்பார்.

ஒரு கல்யாணத்தில், பூ ஒட்டிய காரில் பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறியாகிவிட்டது. மேளம் முழங்குகிறது. இவர் நடுவில் புகுந்து காரை மறித்து, பெண்ணுக்கு பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டார். பெண்ணின் அம்மா அலறிவிட்டார். "ஐயோ, இளம்பிள்ளை ஊருக்கே போய்த் தேடித் தேடி எடுத்த பட்டுங்க! மடிப்பு உழுந்துரும்!"

"சேலை மடிஞ்சா இஸ்திரி போட்டுக்கலாமுங்க. பொண்ணுக்குப் போட முடியாதுங்க."

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். கல்யாண வீட்டில் இப்படியும் ஒரு மனிதன் பேசுவானா என்று அத்தனை பேரும் உறைந்து நின்றோம். ஆனால் மாப்பிள்ளை சத்தமில்லாமல் தன் பெல்ட்டையும் மாட்டிக்கொண்டதை நான் பார்த்தேன்.

இப்படிப்பட்டவரைக் கார் வாங்க அழைத்துப் போகலாமா? நான் அழைத்துப் போனேன்.

எனக்குக் கோழித்தீவன வியாபாரம். மனைவி மல்லிகா சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியை. மகள் யாழினிக்கும் சின்னவன் கவினுக்கும் சேலத்திலேயே பள்ளிக்கூடம். தினமும் மூன்று பேரும் பைபாஸில் லாரிகளுக்கு நடுவே போய் வந்தாக வேண்டும். வீட்டில் பிளக்கை மாட்டி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம், நெடுந்தூரம் போனால் பெட்ரோலும் ஊற்றிக்கொள்ளலாம் என்கிற மாதிரி ஒரு பெரிய குடும்ப வண்டியாக எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். விளம்பரத்தில், வண்டியை மோதவிட்டுப் பார்க்கும் பாதுகாப்புச் சோதனையில் வாங்கிய ஐந்து நட்சத்திரம் மின்னியது. எனக்கு அது போதும். மல்லிகாதான், "எதுக்கும் டோட்டல் லாஸ் அண்ணன ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள். பிற்பாடு இந்த வாக்கியத்துக்காக அவளே வருத்தப்பட்டாள்.

சேலம் ஷோரூமில் டை கட்டிய தம்பி கதவைத் திறந்ததுமே சொன்னார், "சார், சேஃப்டில ஃபைவ் ஸ்டார்!"

"எந்த வண்டிக்குங்க?" என்றார் டோட்டல் லாஸ்.

"இதே வண்டிக்குத்தான் சார்."

"இதேன்னா, இந்த பேட்டரி வெச்சதயே கொண்டுபோய் மோத உட்டாங்களா?"

தம்பி போனில் தேடினார். மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜரும் தேடினார். கடைசியில் மெல்ல வந்தது பதில். மோதவிட்டது இதன் பெட்ரோல் வண்டியைத்தானாம். பேட்டரி இல்லாதது. அதிலும் மேல் மாடலாம். அந்த மதிப்பெண் பேட்டரி வண்டிக்கும் பொருந்தும் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரியும் கிடையாது.

டோட்டல் லாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணனக் காட்டிப் பொண்ணு கேட்டுப்போட்டு, தம்பியத் தாலி கட்ட உடப் பாக்கறாங்க சாமி. தம்பி நல்லவனாவே இருக்கலாம். ஆனா வெயிட்டு வேற, வயித்துக்குள்ள பேட்டரி வேற. அவன யாரும் பாக்கவே இல்லையே?"

அந்த நட்சத்திரங்களை நம்பி நான் முன்பணம் கட்டவிருந்தேன்.

அடுத்த ஷோரூமில் இன்னும் மோசம். உள்ளே நுழைந்த வேகத்தில் டோட்டல் லாஸைக் காணோம். பார்த்தால், வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ரிசப்ஷன் பெண் வீல் என்று கத்தி, ஒருவர் தண்ணீரோடு ஓடிவந்து, இன்னொருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட ஆரம்பித்துவிட்டார். காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "பயப்படாதீங்க, உசுரோடதான் இருக்கேன். பேட்டரிக்கு ஓரத்துல எவ்வளவு எடம் உட்டிருக்காங்கன்னு பாக்கறேன்."

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு கேள்விகளை அடுக்கினார். மோதும்போது ஆள் உட்காரும் உள்கூடு அசையாமல் நின்றதா, ஆடியதா? அடிபட்டால் பேட்டரியின் கரண்ட் தானாகத் துண்டிக்கப்படுமா? நட்சத்திரம் எந்த வருடத்துப் பரீட்சையில் வாங்கியது? எல்லா மாடலிலும் அதே காற்றுப்பைகளா, விலை குறைந்ததில் சிலவற்றைப் பிடுங்கிவிட்டார்களா? கடைசி வரிசையில் தானே ஏறி உட்கார்ந்து, பின் கண்ணாடிக்கும் தன் மண்டைக்கும் எவ்வளவு இடைவெளி என்று கையால் அளந்து, "இங்க பையனுங்கள உக்கார வெக்காதீங்க, பைய வெய்ங்க" என்றார்.

அப்புறம்தான் பெரிய குண்டைப் போட்டார். "சரி, பெரியவங்களுக்கு அஞ்சு. கொழந்தைங்களுக்கு எத்தன?"

குழந்தைகளுக்குத் தனி மதிப்பெண்ணா? ஆமாம், தனிதான். ஒரே வண்டி பெரியவர்களை நன்றாகக் காத்துவிட்டு, குழந்தைகள் விஷயத்தில் கோட்டை விடலாம். இத்தனை நாள் நான் பார்த்து மகிழ்ந்த நட்சத்திரங்கள் என் தொப்பைக்கு மட்டுமே சொந்தமானவை!

நல்லவேளை, இந்த வண்டியில் இரண்டு பக்கமும் தேறியது. பேட்டரி வைத்ததையே மோதவிட்டிருந்தார்கள். கவினுக்குத் தனி இருக்கையை மாட்டும் கொக்கி பின்சீட்டில் கெட்டியாக இருந்தது. டோட்டல் லாஸ் அதைப் பிடித்து இழுத்த இழுப்பில் காரே ஆடியது. "எடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது எனக்கே நம்ப முடியவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு மாமனார் என்று ஒருவர் இருக்கிறார்.

மாமனார் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மகள் மேல் உயிர். வண்டி வந்த மறுநாள், "பட்டறையில வெச்சு ஒரு பூசை போட்டுத் தாரேன் மாப்ள" என்று ஓட்டிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது வண்டிக்கு மீசை முளைத்திருந்தது. முன்பக்கம் முழுக்க, லாரியின் சேஸ் சட்டத்துக்குப் போடும் சேனல் இரும்பில் ஒரு பெரிய தடுப்புக் கம்பி, 'கார்டு'. ஆள் கட்டைவிரல் தடிமனுக்கு போல்ட்டுகள்.

"எமனே எதுக்க வந்தாலும் நசுங்காது மாப்ள!"

மல்லிகாவின் கண் கலங்கிவிட்டது. அப்பா தன் கையால் அடித்தது அல்லவா! எனக்கும் உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமையைக் காட்டலாம் என்றுதான் டோட்டல் லாஸுக்குப் போன் போட்டேன்.

மொபெட்டில் வந்தார். இறங்கினார். கார்டைப் பார்த்தார். அப்படியே கேட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"டோட்டல் லாஸ்" என்றார்.

நம்பர் பிளேட்கூட மாட்டாத வண்டி! டயரில் நசுக்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம்கூடக் காயவில்லை! மல்லிகா வெளியே வந்தாள். "ஏனுங்ண்ணா, பூசை போட்டு வந்து நிக்கற வண்டியப் பாத்து வாயில வர்ற வார்த்தையா இது? அதுவும் எங்கப்பா அடிச்சது!"

"கோவிச்சுக்காதம்மா. இந்த மூக்கு நசுங்கறதுக்குன்னே செஞ்ச மூக்கு. அது நசுங்கி அடிய வாங்கிக்கும். உள்கூடு நசுங்காம உங்களக் காப்பாத்தும். நீங்க மூக்க நசுங்க உடலைன்னா, அந்த அடி நேரா போய் எங்க உழுகும்? பின்னால உக்காந்திருக்கற கவினு கழுத்துல. காத்துப்பை எப்ப வெடிக்கணும்ங்கற கணக்கும் தப்பிப்போகும். ஸ்டார் வாங்குனது கம்பி இல்லாத வண்டி. அன்னைக்கு ஷோரூம்காரன் செஞ்சத இன்னைக்கு நீங்களே செஞ்சுட்டீங்க. அண்ணன உள்ள உட்டுத் தம்பியா வெளிய கொண்டாந்துட்டீங்க. சட்டப்படியும் இது கூடாது."

மல்லிகா கவினைப் பார்த்தாள். அவன் கார்டின் மேல் ஏறிக் குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

மாமனாருக்கு விஷயம் போனது. "கம்பியக் கழட்டற அன்னைக்கு உங்க ஊட்டு வாசல மிதிக்கறத நிறுத்திப்போடுவேன்" என்று பதில் வந்தது. அப்பாவின் மனசா, பிள்ளைகளின் கழுத்தா? மல்லிகா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தாள். புது வண்டி மீசையோடு வாசலில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை டோட்டல் லாஸ் சொன்னார். "பட்டறைக்கு வண்டிய எடுங்க. ரெண்டு முட்டை இருந்தா அவருக்குப் புரிய வெச்சுருவேன்." முட்டைக்கா நாமக்கல்லில் பஞ்சம்? ஒரு அட்டை முட்டையே கொண்டுபோனேன். மல்லிகாவும் பிள்ளைகளும் பின்னாலேயே பஸ்ஸில் வந்தார்கள்.

திட்டம் இதுதான். இரும்பு டிபன் டப்பாவில் ஒரு முட்டை, பேப்பர் அட்டைக்குள் பொதிந்து ஒரு முட்டை. இரண்டையும் பாதி கட்டிய லாரியின் மேலிருந்து போடுவது. டப்பா கெட்டி, ஆனால் உள்ளே இருக்கும் முட்டை உடையும். அட்டை நசுங்கும், ஆனால் முட்டை பிழைக்கும். டோட்டல் லாஸ் தன் சாப்பாட்டு டப்பாவைப் பட்டறை ஆளிடம் நீட்டி, "இதுல ஒரு முட்டை வெச்சு மூடப்பா" என்றுவிட்டு, ஹெல்மெட்டோடு லாரி மேல் ஏறினார். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது.

போட்டார். அட்டை முட்டை சிதறி மாமனாரின் வேட்டியில் தெறித்தது. டப்பாவைத் திறந்தார்கள். முட்டை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"ஏனுங், இரும்பு ஜெயிச்சுப்போச்சுங்களே!" என்றார் மாமனார். சிரிப்பில் பட்டறைத் தகரம் அதிர்ந்தது. லாரி மேல் நின்ற டோட்டல் லாஸின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. இறங்கி வந்து முட்டையைக் கையில் எடுத்தார். உருட்டினார். உரித்தார். மதியச் சாப்பாட்டுக்கு அவர் அவித்து வைத்திருந்த முட்டை! ஏற்கெனவே உள்ளே ஒன்று இருக்கிறதே என்று பட்டறை ஆள் அப்படியே மூடிவிட்டிருக்கிறார்.

சிரித்துச் சிரித்து மாமனாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டே சட்டென்று வேறு குரலில் பேசினார். "நான் என்னமோ வீம்புக்கு அடிச்சேன்னு நெனைக்கறீங்களா? என்ற பொண்ணு தெனமும் லாரிங்க நடுவுல போயிட்டு வாரா. லாரி எப்படிப்பட்டதுன்னு கட்டுறவன் எனக்குத் தெரியாதுங்களா? சொல்லுங்க, லாரி மேல மோதுனா உங்க வண்டிக்கு எத்தன ஸ்டாரு?"

"அதுக்கு மார்க்கே கெடையாதுங்க" என்றார் டோட்டல் லாஸ். "தன்னப்போல இன்னொரு காரு எதுக்க வந்தா என்ன ஆகும்ங்கற மாதிரிதான் பரீட்சையே. லாரிக்கு அடியில பூந்துட்டா, மூக்கு உள்ள போயிரும். கண்ணாடியும் தலையுந்தான் மோதும். அஞ்சு ஸ்டாரும் மேல நிக்கும், காரு கீழ போயிரும்."

சொல்லிக்கொண்டே பாதி கட்டிய லாரியின் பின்பக்கம் போய்க் குனிந்தார். "இங்க காரு பூந்துராம தடுக்கற குறுக்குக் கம்பி எங்கீங்க?"

மாமனார் தொண்டையைச் செருமினார். "அது கடைசியா வெப்போமுங்க. எஃப்.சி.க்கு, அதிகாரிக்குக் காட்டற அன்னைக்கு ஒரு பைப்பு."

"காட்டிட்டு?"

மாமனார் ஸ்பேனர் பிடித்துக் கழற்றுவதுபோல் கையைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க பொண்ணுக்கு முன்னால போற லாரியும் அந்தப் பைப்பு லாரிதானுங்களே."

மாமனார் அங்கிருந்த ஸ்டெப்னி டயரின் மேல் உட்கார்ந்தார். காரைப் பார்த்தார். லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தார். "ஸ்பேனர எடுங்கப்பா" என்றார்.

மீசை கழன்றது. அதை அவர் தூக்கிப் போடவில்லை. அதே சேனலைத் தாழ்வாக, அழுத்தமாக, அந்த லாரியின் பின்னால் சேஸோடு சேர்த்துத் தானே மாட்டினார். டோட்டல் லாஸ் அதன் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தார். "முன்னால மடிய உடுங்க, பின்னால நிக்க வெய்ங்க. அவ்வளவுதானுங்க" என்றார். அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் பைப்பு கிடையாது. வேண்டாம் என்கிற லாரிக்காரரிடம் மாமனார், "அப்ப வேற பட்டறை பாத்துக்குங்க, என்ற பொண்ணு உங்க பின்னாலதான் வாரா" என்கிறார்.

திரும்பும் வழியில் காரில் மாமனார், பிள்ளைகள், நாங்கள், எல்லோரும் பெல்ட்டோடு. டோட்டல் லாஸ் பின்சீட்டிலிருந்து மெல்லச் சொன்னார். "என்ற வேலையில வண்டியத்தான் பாத்தேனுங்க. உள்ள இருந்தவங்க நல்லபடியா ஊடு போய்ச் சேந்தாங்களான்னு யாரும் என்கிட்ட வந்து சொன்னதில்ல."

மறுநாளிலிருந்து மல்லிகா சேலத்திலிருந்து வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறாள். அவர் எடுக்க மாட்டார், கட் செய்துவிடுவார். அவ்வளவுதான் பேச்சு.

போன வாரம் ஒருநாள் மறந்துவிட்டாள். இருட்டும் நேரத்துக்கு கேட்டில் மொபெட் சத்தம். டோட்டல் லாஸ் இறங்கி, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஜன்னல் வழியே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த யாழினியைப் பார்த்தார், தரையில் உருண்டுகொண்டிருந்த கவினைப் பார்த்தார். மல்லிகா நாக்கைக் கடித்துக்கொண்டு, "வாங்கண்ணா, காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

"இல்லம்மா, சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்று மொபெட்டைத் திருப்பினார்.

எங்கள் தெரு முட்டுச்சந்து. கடைசி வீடு எங்களுடையது.