வளர்கிற பிள்ளைக்குத் தைத்த கடல்சட்டை

எனக்கு நீச்சல் தெரியாது. கடலில் முட்டிக்கு மேல் நனைந்ததில்லை. அப்படிப்பட்ட நான்தான் அலைச்சறுக்கு ஆடுகிறவர்களுக்குச் சட்டை தைத்து விற்கிறேன் என்று கிளம்பினேன். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் மதுராந்தகம் வட்டாரத்தில் நடந்ததில்லை என்று பலரும் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது எனக்கு மரியாதை. அதனால் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டானே, திருந்தியிருப்பான் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது.

எங்களுடையது ஸ்கூல் யூனிஃபார்ம் கடை. அம்மாதான் முதலாளி. அம்மாவின் கழுத்தில் எப்போதும் ஓர் அளவு டேப் தொங்கும். அதை எடுத்து அளந்து நான் பார்த்ததில்லை. டாக்டர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குகிற மாதிரி, ஒரு கெத்துக்கு. பிள்ளையை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்ப்பார். "எத்தினியாவது போற?" என்பார். "ஆறாவது" என்று பதில் வந்தால், என் பக்கம் திரும்பி, "எட்டாவது சைஸு எட்றா" என்பார். அவ்வளவுதான் அளவு.

எட்டாவது சைஸ் போதாதென்று, கீழ் விளிம்பில் நாலு விரற்கடைத் துணியை உள்ளே மடித்துத் தைத்திருப்போம். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். இதற்கு எங்கள் கடையில் 'வளத்திக்கு விடுவது' என்று பெயர். கச்சிதமாகப் பொருந்துகிற சட்டையை எங்கள் ஊரில் எந்தத் தகப்பனும் வாங்க மாட்டான். துணியைத் திருடிவிட்டோம் என்பான். தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளை என்றால் இன்னும் ஒரு விரற்கடை சேர்த்து விடுவோம். பாசத்தை வேறெப்படித்தான் காட்டுவது?

இந்தச் சூழலில் பிறந்து வளர்ந்தவன், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரப் பள்ளிக்கு யூனிஃபார்ம் மூட்டை கொண்டுபோனேன். இறக்கிவிட்டுக் கடல் பக்கம் போய் நின்றால், அலை மேலே பசங்கள் நின்றுகொண்டே வருகிறார்கள்! அதைவிட ஆச்சரியம், அதில் ஒருவன் போட்டிருந்தது எங்கள் கடை விளையாட்டு டீஷர்ட். வெளுத்து, காலர் தொங்கி, ஆனால் தையல் ஓர் இடத்தில்கூட விடாமல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (மணல் விழுந்தது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பொறாமை.)

அங்கேதான் கௌரியைப் பார்த்தேன். மீனவர் குப்பத்துப் பெண். சுற்றுலா வருகிறவர்களுக்கு அலைச்சறுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். அலைமேல் அவள் நின்றால் கடலே இவளுக்காகத்தான் வருகிறதோ என்று தோன்றும். அவள் பலகையின் நடுவில் ஒரு பெரிய விரிசல் இருந்தது. டேப் சுற்றி ஒட்டி வைத்திருந்தாள்.

"இந்த டீஷர்ட் எங்க கடைது" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்டியா? தண்ணி குடிச்சா கோணி மாரி கனக்குது" என்றாள்.

பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது நெஞ்சும் வயிறும் உராய்ந்து தோல் வழண்டுவிடும். அதற்கென்று உடம்போடு ஒட்டிப் போடுகிற ஒரு மெல்லிய சட்டை இருக்கிறதாம். வெளிநாட்டில் இருந்து வருகிறது. விலை கேட்டால் தோல் வழண்டாலே பரவாயில்லை என்று தோன்றுமாம்.

"நான் தைச்சுத் தரேன்" என்றேன்.

அவள் பார்த்த பார்வையில் நான் சுருங்கியதை அம்மா பார்த்திருந்தால் எனக்கு எல்.கே.ஜி. சைஸ் கொடுத்திருப்பார்.

"தைக்கத் தெரியுமா? இல்ல, பேச மட்டும்தானா?"

இந்தக் கேள்விக்குப் பிறகு ஓர் ஆண்மகன் சும்மா இருக்க முடியுமா? வீட்டுக்கு வருவதற்குள் பிராண்டுக்குப் பெயர் வைத்துவிட்டேன். 'மதகு.' எங்கள் ஏரி மதகின் நினைவாக. கடல் சட்டைக்கு ஏரிப் பெயரா என்று சிரித்தார்கள். ஏரிக்காரன் தைத்தால் ஏரிப் பெயர்தான் வரும்.

துணி விஷயத்தில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. இதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். இழுத்தால் ரப்பராக வந்து, விட்டால் பழையபடி ஒட்டிக்கொள்கிற துணியைத் தேடிப் பிடித்தேன். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். ஒரு முனையைக் கம்பத்தில் கட்டி மறுமுனையை பைக்கில் கட்டி இழுத்தேன். பைக் விழுந்தது, துணி கிழியவில்லை. துணிக்கு வைத்த பரீட்சை எல்லாவற்றிலும் பாஸ். ஒரு மனிதருக்குப் போட்டுப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். எங்கள் தொழிலில் அந்தப் பழக்கம் கிடையாது. பள்ளி திறக்கிற நாள்தான் எங்களுக்கு ட்ரையல்.

கௌரி போன் செய்தாள். குப்பத்துப் பசங்கள் சேர்ந்து ஒரு போட்டி நடத்துகிறார்கள். தண்ணீரில் யார் யார் என்று நடுவர்களுக்குத் தெரிய ஒவ்வொருவருக்கும் ஒரு நிறச் சட்டை வேண்டும்.

"உன் சட்டையவே போட்லாம்னு நான் பேசிகீறேன். பொம்பளைங்க போட்டில ஜெயிச்சா புதுப் பலகை. என் பலகை இந்த வருசம் தாங்காது அண்ணாத்த. உடைஞ்சா எனுக்குப் பொழப்பே கெடையாது. மானத்த வாங்கிடாத."

"நீ கவலைப்படாத. உனக்கு ஸ்பெஷலா தைக்கிறேன்" என்றேன். இந்த வாக்கியத்தைத்தான் நான் விழுங்கியிருக்க வேண்டும்.

சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை. ஸ்போர்ட்ஸ் டேவுக்கு வருஷா வருஷம் தைக்கிற அதே நிறங்கள். ஆண்களுக்குத் தைத்து முடிக்கும்வரை கை தானாக ஓடியது. பெண்கள் பிரிவில் மொத்தமே நாலு பேர், அதனால் ஒரே ஆட்டம்தான். அதில் மூன்று பேர் அந்தக் கடற்கரைக்காரர்கள், நான் பார்த்துப் பழகியவர்கள். பிறகென்ன டேப்? அம்மாவிடம் கைபேசியில் படம் காட்டினேன். "இவளுக்கு ப்ளஸ் டூ சைஸு. இவளுக்கும் ப்ளஸ் டூ" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கௌரி படத்தில் நிறுத்தினார்.

"இந்தப் பொண்ணுதான உனுக்கு ஆர்டர் வாங்கிக் குடுத்துது? தாராளமா வுடு. கஞ்சத்தனம் பண்ணாத."

விட்டேன். நாலு விரற்கடை வளத்திக்கு, ஒரு விரற்கடை பாசத்துக்கு. அக்குளில் இரண்டு பக்கமும் கொஞ்சம் தாராளம். நெஞ்சில் ஒரு பாக்கெட், அதன்மேல் 'மதகு' என்று எம்பிராய்டரி. (பாக்கெட் ஏன் என்று கேட்காதீர்கள். பாக்கெட் இல்லாத சட்டை எங்கள் கடை வாசலைத் தாண்டியதில்லை.) நாலாவது பெண் மட்டும் பாண்டிச்சேரிக்காரி. முன்பின் பார்த்ததில்லை. மார்பு, இடுப்பு, கை நீளம் எல்லாவற்றையும் எண்ணாகவே அனுப்பியிருந்தாள். என்ன திமிர் என்று நினைத்துக்கொண்டு, அந்த எண்ணுக்கே தைத்துப் பாக்கெட்டை மட்டும் வைத்தேன். பழக்கமில்லாதவளுக்கு எதற்குத் துணியை வீணாக்குவது?

போட்டி அன்று காலை பெட்டியோடு போய் இறங்கினேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பஸ்ஸிலிருந்தபடியே மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டிருந்தேன். வேதகிரீஸ்வரர் அன்றைக்கு வேறு வேலையாக இருந்திருக்கிறார்.

கௌரி சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். விளிம்பு தொடையில் இருந்தது. மடிப்பு ஒரு பட்டையாகத் தொங்கியது. தன்னையே குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்த இது, நைட்டியா?"

"இல்ல... வளத்திக்கு விட்டிருக்கு."

"எனுக்கு இருவத்தேழு வயசாவுது. இன்னும் எங்க வளர்றது?"

நியாயமான கேள்வி.

"பாக்கெட் எதுக்கு? பேனா வச்சிகினு போவவா?"

அதற்குள் மைக்கில் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். நடுவர்கள் சிவப்பு என்று எழுதியாகிவிட்டது. சிவப்பில் மாற்றுச் சட்டை கிடையாது. கௌரி பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடும்போதே அந்த விளிம்பு இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டது, பந்தல் துணி மாதிரி.

முதல் அலை அவள்மேல் உடைந்தது. பலகையை அமுக்கி அடியில் புகுந்து மறுபக்கம் வந்தாள். வந்தது கௌரி இல்லை. சிவப்பாக ஒரு பெரிய பலூன். கழுத்து வழியாகப் புகுந்த தண்ணீர் வெளியே போக வழி தெரியாமல் நான் வளத்திக்கு விட்ட இடமெல்லாம் குடியேறிவிட்டது. முதுகில் ஒட்டகத் திமில். மைக்காரன் சும்மா இருப்பானா?

"செவப்புச் சட்டை... செவப்பு... அண்ணே, இன்னாண்ணே அது, மதகு தொறந்துகிச்சா?"

கரை முழுக்கச் சிரிப்பு. இலவச விளம்பரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இரண்டாவது அலையில் எழுந்து நின்றாள். நின்ற மறுநொடி காற்று கீழே புகுந்து சட்டை தலைக்கு மேல் ஏறிவிட்டது. உள்ளே நீச்சலுடை இருந்ததால் மானம் தப்பியது; கண் தப்பவில்லை. முகம் மூடிய நிலையில் கொஞ்ச தூரம் வந்தாள். அப்படியே ஒரு நிமிடம் நின்றிருந்தால் கின்னஸ் சாதனை என்று நான் சொல்லிச் சமாளித்திருப்பேன். விழுந்துவிட்டாள். நீலமும் பச்சையும் என் புண்ணியத்தில் இன்னொரு பக்கம் உருண்டுகொண்டிருந்தன. மஞ்சள் சட்டை மட்டும் தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டு, சிரமமே இல்லாமல் ஓர் அலை மாற்றி ஓர் அலை சவாரி செய்தது. பாண்டிச்சேரிக்காரி. அளவை எண்ணாக அனுப்பியவள்.

கௌரி விடவில்லை. தண்ணீரில் மிதந்தபடியே சட்டையின் விளிம்பைச் சுருட்டி, முறுக்கி, இடுப்பில் ஒரு முடிச்சுப் போட்டாள். அடுத்து வந்த அலையைப் பிடித்து எழுந்தாள். எனக்கு அலைச்சறுக்கு தெரியாது. ஆனாலும் அன்றைக்கு அவள் வந்த மாதிரி ஒருவர் வந்து நான் இன்றுவரை பார்த்ததில்லை. மைக்காரனே பேச்சை நிறுத்திவிட்டான். கரை வரைக்கும் வந்து, மணலில் பலகை தட்டிய பிறகுதான் இறங்கினாள். நடுவர்கள் அள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் ஓர் அலை போதாது. இரண்டு நல்ல அலைகளின் மதிப்பெண்ணைக் கூட்டித்தான் முடிவு. இன்னொரு அலை பிடிப்பதற்குள் நேரம் முடிந்து சங்கு ஊதிவிட்டார்கள்.

மயிரிழையில் இரண்டாம் இடம். புதுப் பலகை பாண்டிச்சேரிக்குப் போனது.

கௌரி நேராக என்னிடம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் தன் சட்டையின் நெஞ்சுப் பாக்கெட்டுக்குள் கைவிட்டு, ஒரு பிடி ஈரமணலையும் இரண்டு சிப்பிகளையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தா. உன் லாபம்."

போய்விட்டாள். அடுத்து ஆட வேண்டிய ஆண்கள் எல்லாரும் என் சட்டைகளை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுத் தங்கள் பழைய பனியனுக்குத் திரும்பினார்கள். மடித்து வைத்தார்கள் பாருங்கள், அதுதான் வலித்தது.

பெட்டியோடு வீடு திரும்பினால் அம்மா கேட்டார்: "இன்னாடா ஆச்சு?"

சொன்னேன்.

"கடல்ல போறவங்க வளர மாட்டாங்களா இன்னா?" என்றார் அம்மா, கொஞ்சம்கூட அசராமல். எனக்கு இந்தத் திமிர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

தெருவில் விஷயம் பரவியது. "இன்னா மச்சான், கடல் வத்திடுச்சா? எல்லாத் தண்ணியும் உன் சட்டைக்குள்ள கீதாமே" என்று டீக்கடையில் கேட்டார்கள். கடை வாசலில் மாட்டியிருந்த 'மதகு' பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுவேன் என்று எதிர்பார்த்தார்கள். இன்னும் பெரிய பலகையாக எழுதி மாட்டினேன். தோற்றது தையல், துணி இல்லை. தையலைப் பிரிக்கலாம். பிரித்தேன். மாதக்கணக்கில் பிரித்து வெட்டி மறுபடி தைத்தேன். இன்றைக்கு அந்தக் கடற்கரையில் பாதிப் பேர் உடம்பில் 'மதகு'தான் இருக்கிறது. பாக்கெட்டோடு. (பாக்கெட்டை எடுக்க மாட்டேன். அடியில் ஓட்டை போட்டிருக்கிறேன், தண்ணீர் போய்விடும். யாருக்காகவும் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க முடியாது.)

பிரித்தும் உருப்படாத சட்டைகள் கொஞ்சம் மிஞ்சின. வீணாக்குவானேன் என்று வீட்டில் நானே போட்டுக்கொண்டேன். முதலில் தொளதொளவென்றுதான் இருந்தன. கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து, அம்மா கையால் சாப்பிட்டுச் சாப்பிட்டு, இப்போது அந்தச் சட்டைகள் என் வயிற்றில் கச்சிதமாக ஒட்டி நிற்கின்றன. போன வாரம் ஒன்றின் மடிப்பைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சொந்தக்காரர்கள் நடுவில் அம்மா என் வயிற்றைக் காட்டிச் சொல்வார்: "வளர்ற புள்ளைக்குத்தான் தைச்சோம். எந்தப் புள்ளைன்னுதான் அப்போ தெரியல."

இந்த வருடப் போட்டி நெருங்கிவிட்டது. பரிசு மறுபடியும் பலகை. கௌரியின் பழைய பலகையில் இப்போது டேப்பே அதிகம், பலகை குறைவு. பஸ் பிடித்து அவளே எங்கள் கடைக்கு வந்துவிட்டாள். ஜூன் மாதக் கூட்டம். ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பொடிசுகளுக்கு நடுவில் வரிசையில் நின்று முன்னால் வந்தாள். அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ப்ளஸ் டூ" என்றார்.

நான் சிவப்புத் துணியை விரித்தேன். கத்தரியை எடுத்தேன். தோற்றவன்தான், ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

"கௌரி, ஒரே ஒரு விரற்கடை... எதுக்கும் இருக்கட்டும்னு விடட்டுமா?"

"டேப்ப எடு அண்ணாத்த."