எனக்குப் பின்னால் ஆள் வரக் கூடாது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்களும் தங்கையும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் கால்களைத் தவிர எல்லாரும் நலம். நாங்கள் மலைக்குக் கிளம்பிய காலையில் வந்த உங்கள் முழங்கால் வலி, எங்கள் வேன் தெருமுனை திரும்பியதும் போய்விட்டதாகத் தங்கை போனில் சொன்னாள். மிகவும் சந்தோஷம்.

விஷயம் இதுதான். நீங்கள் செயலாளராக இருக்கும் நடைக் கழகத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். ஓய்வு பெற்றதிலிருந்து ஓரிடத்தில் உட்காராமல் கதவு கதவாகப் போய்த் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கிறேன் என்று என் மனைவி உங்களிடம் புலம்பினாள். நீங்களும் என்னைச் சேர்த்துக்கொண்டு, "ரயில்ல கார்டா இருந்தவர்தானே, கடைசி ஆளா நடக்கட்டும்" என்று பதவியும் கொடுத்தீர்கள். சட்டம் நீங்கள் எழுதியது: தலைவருக்கு முன்னால் யாரும் போகக் கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது.

அந்தச் சட்டத்தால் வந்த வினையைக் கேளுங்கள். பெட்டிகளையெல்லாம் விடுதியில் இறக்கிவிட்டு வேன் போய்விட்டது. நாங்கள் உச்சியில் இருக்கும் ஏரியைச் சுற்றி நடந்தோம். அது வட்டப்பாதை, பாதியில் விடுதிக்குத் திரும்ப வேண்டும். தலைவரான பேங்க் மேனேஜர் பனிமூட்டத்தில் அந்தத் திருப்பத்தைக் கவனிக்காமல் நேரே போய்விட்டார், வரிசையும் அவர் பின்னாலேயே போய்விட்டது. எனக்கு முன்னால் நடந்த பல் டாக்டரோ பூவைக் கண்டாலும் நின்று போட்டோ எடுப்பார், புல்லைக் கண்டாலும் நின்று போட்டோ எடுப்பார். அவர் நிற்க நான் நிற்க, ஏரியை முழுதாகச் சுற்றிய தலைவர் என் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். பின்னால் வண்டி வருகிற சத்தம் கேட்டால் கார்டு என்ன செய்வான்? எப்போதும் என் பையில் இருக்கும் பழைய சிவப்புக் கொடியை எடுத்து நீட்டிவிட்டேன்.

"என்ன சார் இது? கொடியை எடுங்க!" என்றார் மேனேஜர்.

"எனக்குப் பின்னால ஆள் இருக்கே, எப்படி எடுக்கிறது? நீங்க முன்னால போங்க."

"போனா பல் டாக்டர் பின்னாலதானே நடக்கணும்? நான் தலைவர் சார்!"

"ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க," என்றார் மேனேஜருக்குப் பின்னால் நடந்து வந்த தையல் கடை அம்மா. "எல்லாரும் நின்ன இடத்துலயே திரும்புங்க. கார்டு அண்ணன் கடைசி ஆயிடுவாரு."

திரும்பினோம். இப்போது எனக்குப் பின்னால் பல் டாக்டர். மறுபடியும் கொடி.

"வட்டத்துல ஏதுங்க கடைசி?" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தலைவராவது வாலாவது, கண்ணில் பட்ட பாதையில் விழுந்தடித்து ஓடினோம். அது விடுதிக்குப் போகவில்லை, பஸ் நிறுத்தத்துக்குப் போனது. கிளம்பத் தயாராக நின்ற கடைசி பஸ்ஸில் ஏறி, நனைந்த கோழிகளாக ஊர் வந்து சேர்ந்தோம். கடைசியாக ஏறியவன் நான், அந்த ஒழுங்கு மட்டும் கெடவில்லை. இரண்டு நாள் வாடகை கொடுத்த விடுதியில் எங்கள் பெட்டிகள் சுகமாகத் தங்கியிருக்கின்றன.

போதும் மாப்பிள்ளை. இனி என் வீடு, என் நாற்காலி. தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் முழங்காலுக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: கடிதத்தை மனைவி படித்துவிட்டாள். "கழகத்தை விட்டுட்டு நாள் பூரா என் பின்னாலயே சுத்துவீங்களா? கிழிச்சுப் போடுங்க" என்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். என் பதவியைப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பெட்டிகளை எடுக்கச் சனிக்கிழமை போகும்போது அவளும் வருகிறாளாம், அவற்றில் நான் கொண்டுபோனது அவளுடைய புதுப் பெட்டி. "நான் உங்களுக்குப் பின்னாலதான் நடப்பேன். எங்க போய்க் கொடி புடிக்கிறீங்கன்னு பாக்கணும்" என்கிறாள். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் வரக் கூடாது என்பது உங்கள் சட்டம். அதை அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.