அப்பா வண்டிக்கு ஒரு தகடு

முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, தசரதன் ஒரு சின்ன அலுமினியத் தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து தேய்த்ததில் ஒரே ஒரு ‘4’ மட்டும் லேசாகத் தலை காட்டியது. அதுவும் நாலுதானா, வெறும் கீறலா என்று சத்தியம் செய்து சொல்ல முடியாது.

பல் துலக்கிக்கொண்டே வந்த மகன் முகிலன் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தான்.

"வூட்ல சாமானெல்லாம் தேய்க்காம கெடக்குது. நீ காருக்குப் புளி போட்டுத் தேய்ச்சிக்கினு கீறியாப்பா?"

"சேஸிஸ் நம்பரைத் தேடறேன்டா."

"அதான் ஆர்.சி. புக்ல இருக்குதே."

"புக்ல இருந்தா போதுமா? இன்ஸ்பெக்டர் இந்தத் தகடு மேல பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சு எடுப்பாராம். அந்த நம்பரும் புக்ல இருக்கிற நம்பரும் ஒண்ணா இருந்தாத்தான் பதிவைப் புதுப்பிச்சுத் தருவாங்களாம்."

"அது வெறும் தகரம்ப்பா."

"உனக்குத் தகரம். எனக்கு அப்பா."

முகிலன் வாயில் இருந்த நுரையைத் துப்பிவிட்டுப் போய்விட்டான்.

தசரதன் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அவருடைய அப்பா முனிரத்தினம், செம்பாக்கத்தில் நெல் விளைந்த காலத்தில், பெருங்களத்தூர் கம்பெனியிலிருந்து நேராக ஓட்டிக்கொண்டு வந்த ஹெரால்டு கார் அது. அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்தால் அப்பாவின் கையைப் பிடித்த மாதிரி இருக்கும் என்று தசரதன் சொல்வார். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு மணி என்ன என்று பார்ப்பார்கள். பங்குனியில் மனைவி கிளியம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு இருந்த பேச்சுத்துணையும் அந்தக் கார்தான். சாயங்காலமானால் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்வார். பக்கத்து சீட்டைக் காலியாக விட்டு வைப்பார். வண்டி எங்கும் போகாது, அவரும் எங்கும் போகமாட்டார்.

இப்போது வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஒரு பில்டரிடம் கொடுத்தாயிற்று. அதற்கு அப்பனும் மகனும் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் ஒன்று உண்டு. இந்த மாதத்துக்குள் காரின் பதிவைப் புதுப்பித்துவிட்டால் புதுக் கட்டடத்தில் அதற்கு ஓர் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரன் வந்து அள்ளிக்கொண்டு போவான். முன்பெல்லாம் இந்தக் கவலையே தசரதனுக்கு இருந்ததில்லை. எல்லாவற்றையும் கிளியம்மாளே ஆள் வைத்து முடித்துவிடுவாள். இவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதோடு சரி.

தகடு இந்தக் கதிக்கு ஆனதற்கும் அவள்தான் காரணம். ஊரில் ஆயுத பூஜை என்றால் காருக்கு முன்கண்ணாடியில் பொட்டு வைப்பார்கள். கிளியம்மாள் பானெட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே இந்தத் தகட்டின் மேல் சந்தனத்தைக் கொழகொழவென்று அப்புவாள். மேலே ஒரு குங்குமம். ‘வண்டிக்கு இதுதாங்க நெத்தி’ என்பாள். வருஷா வருஷம் அப்பி அப்பி அது காய்ந்து சிமெண்டாகிவிட்டது. புளிக்கெல்லாம் அது மசியவில்லை.

தசரதன் உள்ளே போய், குளியலறை கழுவும் ஆசிட் பாட்டிலை எடுத்து வந்தார். கொஞ்சம் ஊற்றினார். தகடு பொங்கி நுரைத்துப் புகைந்தது. சந்தனம் போயிற்று, குங்குமம் போயிற்று. துணியால் துடைத்துப் பார்த்தார். அந்த ஒற்றை ‘4’ கூடப் போயிருந்தது.

அவள் விரல் பட்ட இடத்தை ஒரேயடியாகத் துடைத்து எறிந்துவிட்டோமே என்று பக்கத்தில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் அருகே ஒர்க் ஷாப் வைத்திருக்கும் மொஹ்சினுக்குப் போன் போட்டார்.

வண்டியை முன்பு பார்த்துவந்த மெக்கானிக் துபாய்க்குப் போன பிறகு, சமீப காலமாக மொஹ்சின்தான் பார்க்கிறான். வந்தான். தகட்டைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஆசிட்டை ஊத்திட்டீங்களா? இன்னாண்ணா நீங்க! சரி, கவலைப்படாதீங்க. எஞ்சின் நம்பர் பிளாக்லயே குத்தியிருக்கும். அதை ஆசிட்டால ஒண்ணும் பண்ண முடியாது. அதைக் காட்டி எடுத்துச் சொல்லிப் பார்க்கலாம்."

மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினின் ஓரத்தைத் துடைத்தான். எண் பளிச்சென்று தெரிந்தது. தசரதன் ஆர்.சி. புக்கைப் பிரித்து நீட்டினார். மொஹ்சின் புக்கைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான், திரும்பவும் புக்கைப் பார்த்தான்.

"எஞ்சின் எப்ப மாத்தினீங்க?"

"மாத்தவே இல்லியே. எங்கப்பா வாங்கின எஞ்சின்."

"இல்லண்ணா. இந்த நம்பருக்கும் புக்ல இருக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அப்ப நீ மாத்திட்டியா?"

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார். மொஹ்சின் கையைத் துடைத்த துணியை மெதுவாக மடித்தான்.

"அண்ணா, இந்த எஞ்சினைத் திருடணும்னா திருட்றவன் கைக்காசு போட்டுத்தான் திருடணும். இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

அவன் பைக்கை உதைத்துக்கொண்டு போனான். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த முகிலன் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான்.

"அப்பா, நான் ஒரு விஷயம் சொல்லணும்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். பழைய இரும்புக்காரன் பேச்சுத்தானே?"

"அது இல்லப்பா..."

"போடா உள்ள! வண்டியோட அருமை உனக்கு இன்னா தெரியும்? நான் வேலூர்ல நெஞ்சைக் கிழிச்சுக்கினு படுத்திருந்து வந்தப்போ, இந்த வண்டியும் என்கூடவே தேறி வந்துச்சு. கியர் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு. உங்கம்மா பார்த்துப் பார்த்து பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தா. அந்த அக்கறை உனக்கு வருமா?"

முகிலன் காரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனான்.

அன்று மத்தியானம் காபி குடிக்கும்போதுதான் தசரதனுக்கு அந்த யோசனை வந்தது. கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் ‘கிளியம்மாள் நினைவாக’ என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்குக் கொடுத்ததில் மிஞ்சிய டம்ளர். டம்ளரில் பெயர் வெட்டுகிறவனுக்குத் தகட்டில் நம்பர் வெட்டத் தெரியாதா? காபி ஆறிப் போவதற்குள் கிளம்பிவிட்டார்.

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் அந்தப் பாத்திரக்கடை. கல்லாவில் கடைக்காரம்மா காந்திமதி இருந்தார். வெள்ளிக்கிழமை. பெயர் வெட்டும் ஜலால் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்.

"குடுத்துட்டுப் போங்க, வந்ததும் வெட்டி வைக்கச் சொல்றேன்," என்று காந்திமதி, அவர் வழியில் அதே அளவுக்கு வெட்டி வாங்கி வந்த வெற்றுத் தகட்டையும் நம்பர் எழுதிய சீட்டையும் வாங்கிக்கொண்டார். "யாருக்குங்க?"

"எங்கப்பாவுக்கு. அதாவது, அவர் வண்டிக்கு. அவர் போய் இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர் நினைவா இருக்கிறது இந்த வண்டி ஒண்ணுதான்." அவர் சீட்டைத் தொட்டுக் காட்டினார். "கம்பெனித் தகடு மாதிரியே வரணும்மா."

"அப்பா பேரு?"

"முனிரத்தினம்."

பில்லுக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்ததை வாங்கி வந்து, வீட்டில் வெளிச்சம் போன நேரத்தில் மூக்குக்கண்ணாடியைத் தேடாமலேயே பிரித்தார். நம்பரை ஒவ்வொன்றாகத் தடவிச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கம்பெனித் தகடு மாதிரி கேட்டதற்காக பாய் கம்பெனி எழுத்தையும் போட்டிருக்கிறார் போல என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். பழையதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, புதியதை அதே இடத்தில் திருகி வைத்தார்.

திங்கட்கிழமை காலையில் வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் நின்றது. இன்ஸ்பெக்டர் ஸ்ரீநிவாசராகவன் சிரித்துப் பழக்கம் இல்லாதவர். தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் அழகாக எழும்பி வந்தது. பென்சில் கீழே இறங்கியது. அவர் தாளை எடுத்துத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"முனிரத்தினம் அவர்கள் நினைவாக."

தசரதன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இது கார்த் தகடா, கருமாதி டம்ளரா சார்?"

"பாத்திரக்கடையில தவறுதலா..."

"சேஸிஸ் நம்பரைப் பாத்திரக்கடையிலயா வெட்டினீங்க?" அவர் குனிந்து எஞ்சினைப் பார்த்தார். ஆர்.சி. புக்கைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் இறுகியிருந்தது. "எஞ்சின் நம்பரும் வேற. இது யாரோட வண்டி?"

"எங்கப்பா வண்டிங்க."

"அப்படித்தான் சொல்லுவீங்க. திருட்டு வண்டிக்கும் இப்படித்தான் தகடு மாத்துவாங்க."

எங்கப்பா வண்டியை நானே திருடினேனா என்று தசரதன் கேட்க நினைத்தார். பக்கத்தில் டிரைவிங் லைசென்ஸ் எடுக்க வந்த கல்லூரிப் பசங்கள் வேறு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையிலிருந்து பழைய தகட்டை எடுத்து நீட்டினார்.

"இதுதாங்க பழைய தகடு. கம்பெனியில போட்டது. சந்தனம் போவறதுக்கு ஆசிட் ஊத்தினேன், அழிஞ்சு போச்சு."

ஸ்ரீநிவாசராகவன் அதையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வயசான மனிதர், கண் கலங்கி நிற்கிறார். கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி. புதுசா வெட்டினவர் யாரோ, அவரைச் சாயங்காலத்துக்குள்ள கூட்டிட்டு வாங்க. பழைய கம்பெனித் தகடு அழிஞ்சதாலதான் இது வெட்டினேன்னு அவர் என் முன்னால சொல்லட்டும். இல்லேன்னா நான் போலீஸுக்குத்தான் எழுதணும். அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும், சாவியைக் குடுங்க."

அப்பாவின் சாவியைத் தசரதன் முதல்முறையாக ஒரு வெளியாள் கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கிளியம்மாளின் தாலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தபோது எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது.

முகிலனுக்குப் போன் செய்தார். அவன் அலுவலகத்திலிருந்து பைக்கில் ஓடி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் வெளிறியது.

"பாத்திரக்கடை பாயைக் கூட்டிக்கினு வரணும்டா. வண்டியை எடு."

"பாய் எதுக்குப்பா? வண்டி போனா போவட்டும். நான் வேற வாங்கித் தரேன்."

"வேற வாங்கித் தருவியா? எங்கப்பா வண்டியை எவன் விக்கிறான்?"

முகிலன் பைக்கை எடுத்தான். மார்க்கெட்டில் கொண்டுபோய் நிறுத்தினான். ஆனால் பைக்கை விட்டு இறங்கவில்லை. தெருவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான்.

கடைக்குள் ஜலால் பாய் ஒரு குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். தசரதன் மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். ‘நினைவாக’ வெட்டியதற்குக் காந்திமதி தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்கதானேங்க நினைவா, நினைவான்னு சொன்னீங்க. நான் சீட்டுல எழுதிட்டேன்."

"அதெல்லாம் பரவாயில்லம்மா. பாய் வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். எங்கப்பா வண்டி எனக்குத் திரும்பக் கெடைச்சிடும்." பழைய தகட்டை எடுத்து பாயின் கையில் வைத்தார். "இது கம்பெனித் தகடு, அழிஞ்சு போச்சு, அதான் வேற வெட்டினேன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

ஜலால் பாய் மெஷினை நிறுத்தினார். தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பினார். ஆசிட் படாத பின்பக்கத்தின் மூலையில் சின்னதாக ஒரு புள்ளி நட்சத்திரம் இருந்தது. மடியில் இருந்த குடத்தைக் கவிழ்த்துக் காட்டினார். அதன் அடியிலும் அதே நட்சத்திரம் இருந்தது.

"வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஊசி ஓடுதான்னு பின்பக்கமா இப்படி ஒண்ணு போட்டுப் பார்ப்பேங்க. எங்க வாப்பா சொல்லிக் குடுத்த பழக்கம்."

"அதனால?"

பாய் வாசலைப் பார்த்தார். முகிலன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதனால நான் வந்து கம்பெனித் தகடுன்னு பொய் சொல்ல முடியாதுங்கய்யா, நீங்க வேலூர்ல நெஞ்சு ஆபரேஷன் பண்ணிக்கினு கெடந்தப்போ, தோ வெளிய கீறாரே தம்பி, உங்கப்பா வண்டியக் கொண்டுபோய் லாரில வுட்டு நொறுக்கிட்டாரு, தெரிஞ்சா உங்க உசுரு தாங்காதுன்னு வேற ஒரு ஹெரால்டை வாங்கி நிறுத்திட்டு, அதுக்குப் பழைய நம்பரையே போட்டு இந்தத் தகட்டையும் என்கிட்ட வெட்டிக்கினு போனது உங்க வூட்டம்மாதான்."