கேமராவைப் பார்க்கக் கூடாது

"அட்டைப்பெட்டியா!"

சேதாரம் போட்ட சத்தத்தில் கூடத்தில் நின்றிருந்த மூன்று அடியாட்களும் கையிலிருந்த உருட்டுக்கட்டைகளைக் கீழே போட்டுவிட்டார்கள். கட்டைகள் விழுந்த சத்தமே கேட்கவில்லை. எல்லாம் தெர்மோகோல்.

"அட்டைப்பெட்டிக்கு என்ன சார்?" என்றார் டைரக்டர். வயது முப்பதுதான், முகத்தில் மட்டும் அறுபது வயதுக் கவலை.

"தம்பி, நான் பல்லு முளைச்ச நாள்லேருந்து சண்டைப் படம் பாக்கறேன். அடியாள் பறந்து போய் விழற இடத்துல எல்லாம் அட்டைப்பெட்டி. அதுவும் காலிப் பெட்டி! எந்த வீட்டுக் கூடத்துலயாவது காலிப் பெட்டியைக் கோபுரமா அடுக்கி வெப்பாங்களா?"

சேதாரம் என்பது அலுவலகம் வைத்த பட்டப்பெயர். காப்பீட்டு நிறுவனத்தில் சேதத்தை மதிப்பிடுவது அவர் வேலை. உடைந்த கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தால் போதும், கல் பட்டு உடைந்ததா, புருஷன் பெண்டாட்டி சண்டையில் உடைந்ததா, இழப்பீட்டுக்கு ஆசைப்பட்டு உடைத்ததா என்று சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் மலிவுச் சண்டைப் படம் என்றால் உயிரை விடுவார். வில்லன் மாளிகையில் கதவைச் சாத்தினால் சுவர் ஆடும். செத்துப்போன அடியாள் அடுத்த காட்சியில் மீசை ஒட்டிக்கொண்டு வந்து மறுபடி சாவான். ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும், கடைசி வரை வராது. இதற்கெல்லாம் தியேட்டர் அதிரச் சிரிப்பார். ஆனால் கதாநாயகன் உதட்டோரத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தால், முதல் ஆளாகக் கண்ணைத் துடைப்பவரும் அவரே. "பெரிய படத்துல காசு விழும். சின்னப் படத்துல மனுஷன் விழுவான். எழுந்திருக்கும்போது இடுப்பைப் பிடிக்கறான் பாரு, அது நடிப்பே இல்ல" என்பார்.

அதனால்தான் வீட்டைச் சும்மாவே படப்பிடிப்புக்குக் கொடுத்தார். பதிலுக்குக் கேட்டது ஒரே ஒரு வேடம். வீட்டுக்காரர் வேடம், ஒரு வசனம், ஒரு சாவு. "என் பிணத்தைத் தாண்டித்தாண்டா உள்ள போகணும்!" இந்த வசனத்தைக் குளியலறையில் அவர் பழகிய பழக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மனைவி ஒரே நிபந்தனையோடு தங்கை வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள்.

"கண்ணாடி அலமாரி மேல ஒரு கீறல் விழுந்தாலும் நான் தங்கச்சி வீட்டுலேயே இருந்துக்கறேன். உங்களுக்கு அடியாளுங்க சமைச்சுப் போடட்டும்."

அலமாரிக்குள் இருந்தது அவளுடைய அம்மா கொடுத்த பீங்கான் தேநீர் செட். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதில் ஒரு சொட்டுத் தேநீர் ஊற்றப்பட்டதில்லை. விருந்தாளிகள் அதைப் பார்த்துக்கொண்டே வேறு கோப்பையில் குடித்துவிட்டுப் போவார்கள்.

காலையில் லைட்மேன் சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "சார், பெரிய குக்கர் ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார். யூனிட்டுக்குச் சாப்பாடு நம் குக்கரில்தான் என்று சேதாரம் பெருமையோடு எடுத்துக் கொடுத்தார்.

டைரக்டர் நடிப்புப் பாடமும் நடத்தினார். "ஒண்ணே ஒண்ணுதான் சார். கேமராவைப் பார்க்கக் கூடாது."

அவ்வளவுதான். மூலையில் ஸ்டாண்டின் மேல் கறுப்புத் துணி போர்த்தி நின்ற அந்த உருவத்தின் பக்கம் அதன்பிறகு சேதாரம் திரும்பவே இல்லை. தண்ணீர் குடிக்கப் போனால்கூடச் சுவரைப் பார்த்துக்கொண்டு நண்டு மாதிரி நடந்து போனார்.

"அப்ப பெட்டிக்குப் பதிலா என்ன சார் உடைக்கறது?" என்றார் டைரக்டர்.

"நாற்காலி! நிஜ நாற்காலி. என் சாப்பாட்டு மேஜை நாற்காலி."

"சார், இன்னிக்கு வந்து..."

"யோசிக்காதீங்க தம்பி. கலைன்னு வந்துட்டா நாற்காலி என்ன, மேஜை என்ன!"

கதாநாயகன் நாற்காலியைத் தூக்கி முதல் அடியாளின் முதுகில் போட்டார். நாற்காலி உடையவில்லை. அந்தக் காலத்து மரம். அடியாள்தான் மடங்கி உட்கார்ந்து தன் தாயாரை அழைத்தார்.

"பாத்தீங்களா, என்ன உணர்ச்சி!" என்று கைதட்டினார் சேதாரம். பிறகு ரம்பத்தை எடுத்துவந்து, நாற்காலிக் காலை முக்கால்வாசி அறுத்து வைத்தார். அதை யாரிடமும் சொல்ல மறந்துவிட்டார்.

முதுகு வலித்த அடியாள் ஓய்வெடுக்க அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார். படீரென்று முறிந்த கால் மேலே பறந்து மின்விசிறியில் மோத, விசிறியின் ஒரு இறக்கை வளைந்து, மொத்த விசிறியும் பேய் பிடித்த மாதிரி ஆட ஆரம்பித்தது.

"நிறுத்துங்க சார், தலையில விழப்போகுது!" என்று அலறினார் கதாநாயகன்.

"நிறுத்தறதா? இந்தப் படபட சத்தத்தைக் கேளுங்க. ஹெலிகாப்டர்! செலவே இல்லாம வந்திருக்கு. கீழே கொஞ்சம் புழுதி பறந்தா பிரமாதம்."

"சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா, இன்னிக்கு..."

"வெளிச்சம் போயிடும் தம்பி, அப்புறம் பேசலாம்."

புழுதிக்கு மைதா மாவு. ஒரு பிடி போதும் என்றார் டைரக்டர். ஒரு பிடியில் புழுதி பறந்தால் யார் நம்புவார்கள் என்று சேதாரம் டப்பாவையே கவிழ்த்தார். ஹெலிகாப்டர் தன் கடமையைச் செய்தது. அடுத்த நிமிஷம் கூடத்தில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்று தெரியவில்லை. எல்லாரும் ஒரே வெள்ளை. அடியாள் இன்னொரு அடியாளை அடித்தார். கதாநாயகன் திரைச்சீலையோடு கட்டிப் புரண்டார். காற்றுக்காக ஜன்னலைத் திறக்கப்போன மூன்றாமவர், கண் தெரியாமல் ஜன்னல் கண்ணாடிக்குள் முழங்கையை விட்டார்.

மாவு அடங்கியதும் சேதாரம் கண்ணாடித் துண்டுகளைக் குனிந்து ஆராய்ந்தார். தொழில் புத்தி போகுமா?

"இயற்கையான உடைவு. அங்கீகரிக்கலாம்" என்றார்.

மதியம் ஆளுக்கு இரண்டு பன் வந்தது. குக்கர் சாப்பாடு என்ன ஆயிற்று என்று கேட்க அவருக்கு நேரமில்லை. அடுத்தது அவருடைய சாவு.

அடியாள் ஒருவர் கதாநாயகனைத் தள்ள, அவர் வந்து வீட்டுக்காரர் மேல் மோத, வீட்டுக்காரர் தரையில் போட்ட மெத்தையில் விழுந்து சாக வேண்டும். மெத்தைக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி.

சேதாரத்தைக் கலை ஒரு பக்கம் இழுத்தது, மனைவி மறுபக்கம் இழுத்தாள். கடைசியில் மனைவி ஜெயித்தாள். பீங்கான் செட்டை ஒவ்வொன்றாக, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து, கூடத்தின் மறுகோடியிலிருந்த சோபாவில் அடுக்கினார். மாவு படாமல் மேலே போர்வையும் போர்த்தினார்.

"அலமாரி பத்திரம், செட்டும் பத்திரம். ஆரம்பிங்க தம்பி!"

"சார், ஒரு வார்த்தை கேளுங்க..."

"சாகப்போறவன்கிட்ட என்னய்யா வார்த்தை? ஆரம்பிங்க!"

"என் பிணத்தைத் தாண்டித்தாண்டா உள்ள போகணும்!" சேதாரம் முழங்கினார். தெருவில் ஒரு நாய் குரைப்பதை நிறுத்தியது. கதாநாயகன் வந்து மோதினார். கீழே மைதா. மெத்தைப் பக்கம் போகவேண்டிய கால் வழுக்கி எதிர்ப்பக்கம் திரும்ப, சேதாரம் கூடத்தின் முழு நீளத்தையும் சறுக்கியே கடந்து, இரண்டு கையையும் விரித்து, சோபாவில் போய் மல்லாந்து விழுந்தார்.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. ஒரு தலைமுறை பீங்கான் ஒரே நேரத்தில் பேசியது.

கதாநாயகனின் முகத்தில் அவருடைய வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு உணர்ச்சி தெரிந்தது. கடைசியில் சோபாவிலிருந்து குரல் வந்தது.

"கேமராவைப் பாத்துடலையே நான்?"

"இல்ல சார்" என்றார் டைரக்டர், அழுகிற குரலில்.

சேதாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றபோதுதான் வாசலில் செருப்புச் சத்தம். மனைவி.

வளைந்த விசிறியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மூன்றுகால் நாற்காலியைப் பார்த்தாள். வெள்ளையாய் நின்ற ஆண்களை வரிசையாகப் பார்த்து, அதில் தன் புருஷனைக் கண்டுபிடித்தாள்.

"அலமாரியில ஒரு கீறல் இல்ல" என்றார் அவர் அவசரமாக.

அவள் சோபாவின் போர்வையைத் தூக்கினாள். முகம் போன போக்கைப் பார்த்து அடியாட்கள் மூவரும் கதாநாயகனுக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

"எங்கம்மா குடுத்தது."

"தெரியும்."

"இன்சூரன்ஸ்ல கிடைக்குமா?"

"வீட்டுக்காரனே விழுந்து உடைச்சா கிடைக்காது. நானே தர மாட்டேன்."

அவள் உடைந்த மூடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். சேதாரம் பக்கத்தில் வந்து நின்றார். இவ்வளவு தணிந்த குரலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை.

"நீ என்ன திட்டினாலும் சரிதாம்மா. ஆனா ஒண்ணு. இத்தனை வருஷமா யாரும் தொடாம அலமாரிக்குள்ள கிடந்துது. இப்ப ஊரே பாக்கப்போகுது. சினிமாவுல இதுவரைக்கும் இப்படி ஒரு பொருள் நிஜமா உடைஞ்சதே இல்ல. உங்கம்மா செட்டு சாகாம நிக்கப்போகுது."

அவள் கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்து மூக்கை உறிஞ்சினாள்.

"அந்த நீலப் பூ தெரியுமா படத்துல?"

"பளிச்சுனு தெரியும்!"

"சரி விடுங்க. உடைஞ்சது உடைஞ்சுபோச்சு. படத்துலயாவது இருக்கட்டும்" என்றவள், டைரக்டர் பக்கம் திரும்பினாள். "தம்பி, எங்களுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டுவீங்கல்ல?"

டைரக்டர் தன் கால் கட்டைவிரலை உற்றுப் பார்த்தார். கதாநாயகன் விசிறியைப் பார்த்தார். மூலையில் லைட்மேன் ஸ்டாண்டின் மேலிருந்த கறுப்புத் துணியை உதறி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் எதையோ தூக்கிக்கொண்டு வந்து அவளிடம் நீட்டினார்.

"அக்கா, இந்தாங்க உங்க குக்கர். இன்னிக்கு ஒத்திகைதானே, இதுவே போதுமா இருந்துச்சு; கேமரா நாளைக்குத்தான் வாடகைக்கு வருது."