பதினான்கு பேனலும் டொம்மென்று கேட்பது பற்றி மாப்பிள்ளைக்கு

புத்தம், தம்மம், சங்கம் துணை

ஊரிகம்,
கோலார் தங்க வயல்.
வெள்ளிக்கிழமை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை வேந்தன் அவர்களுக்கு மாமனார் ரத்தினம் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அத்தை தாயம்மா, கோழிகள் மூன்று, எல்லோரும் சௌக்கியம். அங்கே பெங்களூரில் நீங்களும், எட்டு மாத வயிற்றோடு என் மகள் வெண்ணிலாவும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சௌக்கியமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அது நீங்கள் லாரியில் அனுப்பிவைத்த அறை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் தாயம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், போட்டதும் உங்கள் கட்சியில் சேர்ந்துகொள்கிறாள். தவிரவும் நான் இருபத்திரண்டு வருஷம் டிம்பர்மேன். பூமிக்குள்ளே பாறை தலையில் இறங்காதபடி மரம் முட்டுக்கொடுத்தவன். அங்கே ஒரு இடம் சரியில்லை என்றால் வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வரும் பக்கத்து வீட்டு ராதிகா இதை உங்கள் கையில் சேர்ப்பாள்.

தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப் போக நான் வந்தபோது நீங்கள் காபி கொடுத்து, விசிறி போட்டு, மிகவும் பணிவாக, "மாமா, அங்க இருக்கறதே ஒரு ரூம். அதுலயும் பின்சுவரு போன மழைல விழுந்துடுச்சி. வெண்ணிலா எங்க படுப்பா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. இருந்தாலும் நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். உடனே நீங்களே, "எங்க கம்பெனி பேனல் இருக்கு மாமா. சுவரு, கூரை எல்லாம் ஃபேக்டரிலயே செஞ்சு வரும், மூணே நாள்ல ரூம் ரெடி" என்றீர்கள். மூன்று நாளில் எங்கள் ஊரில் ஒரு அரசாங்கக் குழாயில் தண்ணீர் வந்தாலே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

திங்கட்கிழமை லாரி வந்தது. சந்துக்குள் நுழையவில்லை. எங்கள் லைன் வீடுகளில் உள்ளவர்கள் எல்லாம் சேர்ந்து பதினான்கு பேனல்களையும் தலையில் தூக்கி வந்தோம். ஒரு முழுச் சுவரைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தும் கழுத்து வலிக்காதபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உங்கள் ஆட்கள் நான்கு பேர், திருகும் மிஷினை வைத்துக்கொண்டு விர் விர்ரென்று முடுக்கினார்கள். விழுந்த பின்சுவரின் இடத்திலும் ஒரு பேனல் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் எங்கள் கட்டில், அந்தப் பக்கம் புது அறை. வீடு கட்டுவதை வேடிக்கை பார்க்கலாமென்று ஸ்டூலோடு வந்த பெண்கள், உட்கார்ந்து நிமிர்வதற்குள் வீடு முடிந்துவிட்டதே என்று கோபித்துக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமை உங்கள் ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில், சும்மா இருப்பானேன் என்று நானும் என் பழைய சிநேகிதன் சம்பங்கியும் ஒரு பேனலை நாங்களே நிறுத்தினோம். அதில் ஒரு அம்புக்குறி போட்டிருந்தது. "அம்பு பாக்கற பக்கம்தான் தரை" என்று சம்பங்கி அடித்துச் சொன்னான். விளைவு, சுவிட்ச் பெட்டி கணுக்கால் உயரத்தில் இருக்கிறது. விசிறி போட வேண்டுமானால் காலால்தான் போட வேண்டும். இது கம்பெனியின் குற்றமென்று நான் சொல்லவில்லை. அம்பை இன்னும் தெளிவாகப் போட்டிருக்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆனால் நான் எழுத வந்தது இது இல்லை. புதன்கிழமை உங்கள் ஆட்கள் கிளம்பியதும், எங்கள் பழைய மேஸ்திரி கிளாரன்ஸ் கையில் இரும்புக் கம்பியோடு அறையைப் பார்க்க வந்தார். சுரங்கத்தில் ஒரு இடத்துக்குள் போகுமுன் பாறையைக் கம்பியால் தட்டிப் பார்ப்போம். நல்ல பாறை கிண்ணென்று கேட்கும். டொம்மென்று கேட்டால் பாறை உள்ளே விட்டுப்போயிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விழும், ஓடு என்று அர்த்தம். கிளாரன்ஸ் முதல் பேனலைத் தட்டினார். டொம். இரண்டாவதைத் தட்டினார். டொம். கூடியிருந்த பென்ஷன்காரர்கள் வாசல் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். பதினான்கும் டொம், டொம், டொம். கிளாரன்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு, "ரத்தினம், எல்லாம் லூஸா கீது. ஒருத்தரும் உள்ள போவாதீங்க" என்று சொல்லி, உங்கள் பால் வெள்ளைச் சுவரில் பதினான்கு பெருக்கல் குறி போட்டுவிட்டார். கரித்துண்டால்.

ராதிகா வந்து, "அங்கிள், பெங்களூர்ல மாடி மாடியா இப்டித்தான் கட்றாங்க. உள்ள தர்மாகோல் இருக்கும், அதான் அப்டி கேக்குது, ஏனூ ஆகல்ல, ஒண்ணும் ஆகாது" என்று சமாதானம் சொன்னாள். தர்மாகோலா! டிவி வாங்கினால் பெட்டிக்குள் வைத்து வருமே, அதுவா? என் மகள் என்ன டிவியா மாப்பிள்ளை?

கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? தைலமரக் கம்பம் ஆறு கொண்டுவந்து, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் முறைப்படி முட்டுக்கொடுத்து, ஆப்பு வைத்து அடித்தோம். வேலை அவ்வளவு சுத்தம். கிளாரன்ஸ் கைகொடுத்தார். தாயம்மா மட்டும் வாசலில் நின்று, "இன்னாய்யா இது? புள்ள பெத்துக்க வர்ற பொண்ணுக்கு ரூம் போட்டியா, சுரங்கத்துல லெவல் போட்டியா? கட்டில எங்க போடறது?" என்று கேட்டாள். கட்டில் நுழையவில்லைதான். இன்னொன்று, கூரைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரிகிறது, ஒரு குருவி வந்து போகிறது. ஆப்பை அடித்த அடியில்தான் கூரை தூக்கிக்கொண்டது என்கிறாள் தாயம்மா. நான் அப்படி நினைக்கவில்லை. கம்பெனியின் கவனக்குறைவு.

கேலியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டிப் பார்த்துத்தான் நான் இருபத்திரண்டு வருஷமும் வீட்டுக்குத் திரும்பினேன். தட்டாமல் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். வெண்ணிலாவுக்கும் இது தெரியாததில்லை. சின்ன வயதில் கட்டில் சட்டத்தைத் தட்டி என்னோடு கூண்டு விளையாட்டு விளையாடுவாள். ஷாஃப்டில் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணியடிப்பது போல. ஒன்று தட்டினால் நில். இரண்டு தட்டினால் இறக்கு. மூன்று தட்டினால், உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்து மெதுவாக. அவளிடம் நேற்றுப் போனில், ரூம் சரியில்லம்மா என்று உண்மையைச் சொன்னேன். "அப்போ நான் இங்கயே இருந்துடட்டுமாப்பா?" என்றாள். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இங்கே வர வேண்டும். அந்த டொம்முக்குள் படுக்கவும் கூடாது. இரண்டும் எனக்கு வேண்டும்.

ஆகவே, பேனல் அத்தனையும் கழற்றி எடுத்துப் போகவும். அதற்குப் பதில் ஒழுங்கான கற்சுவர் எழுப்பித் தரவும். கற்சுவருக்கு ஆறு மாதமாகும், அதற்குள் பேரப்பிள்ளை தவழ்ந்துவிடும் என்று தாயம்மா சொல்கிறாள். அதற்கு என்ன வழி என்று படித்தவரான நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

உங்கள் தாயார் தகப்பனாருக்கு என் வணக்கங்களும், வெண்ணிலாவுக்கு முத்தமும், வரப்போகும் சின்னவருக்கோ சின்னவளுக்கோ முன்கூட்டியே ஆசிகளும். மும்மணிகளின் நிழல் உங்கள் மூவர்மேலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமனார்
ப. ரத்தினம்
டிம்பர்மேன் (ஓய்வு)

பின்குறிப்பு: சனிக்கிழமை மத்தியானம். நேற்றுச் சாயங்காலமே கடிதத்தைக் கொடுத்துவிடலாமென்று ராதிகாவைத் தேடி ஸ்டேஷனுக்குப் போனால், ராதிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெண்ணிலா ரயிலிலிருந்து இறங்குகிறாள். நீங்கள்தான் ஏற்றிவிட்டீர்களாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வந்தவள் அறையைப் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆறு கம்பத்தையும் எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். கட்டில் நுழைந்துவிட்டது. விசிறியைக் கால் கட்டைவிரலால் போட்டுவிட்டு, "குனியவே வேணாம்ப்பா, நல்லா இருக்கு" என்றாள். சம்பங்கிக்குத் தலைகால் புரியவில்லை.

சற்றுமுன் நான் இந்தப் பக்கம் கட்டிலில் சாய்ந்திருந்தேன். சுவரில் சத்தம். டொம். டொம். டொம். எழுந்து ஓடினேன். "இன்னாம்மா, வலிக்குதா?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா, உள்ள ஆள் இருக்குன்னு சொன்னேன்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்சுவராக இருந்தால் மாப்பிள்ளை, எனக்குக் கேட்டே இருக்காது.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும். வேறு எழுதக் கை வலிக்கிறது, அதனால் இதையே திங்கட்கிழமை ராதிகாவிடம் அனுப்புகிறேன். பேனல்மேல் ஒருவரும் கைவைக்க வேண்டாம். ஒரே ஒரு ஆளை அனுப்பி, கூரையை மட்டும் இரண்டு விரல் இறக்கி வைக்கச் சொல்லவும். ஆப்பு அடித்தது நான்தான்.